மாதிரி 217

மூடியில் ஒரு இலக்கம், திகதி, பதினொரு மாதம், ஆண்.
பெயர் எங்களுக்கு வராது. அதுதான் விதி.
ஆனால் போத்தலைச் சுற்றிய பொலித்தீனுக்குள்
நான்காய் மடித்த ஒரு கொப்பித் தாள் இருந்தது:

மிஸ், நேத்து ராவு பதினாலு தரம்.
அழுறான், கண்ணீர் வரல்ல.

பொரளையில் மழை.
பாமசி வாசலில் ஜீவனி பக்கற்றுக்கு
திரீவீல்கள் முண்டியடிக்க,
இரண்டாம் மாடியில் நான்
யாரோ ஒரு வீட்டின் இரவைப்
பத்து வீதக் கரைசலாக்கிச் சுழற்றுகிறேன்.

வயிற்றோட்டம் என்போம், ஒரே சொல்லில்.
பல்லு முளைக்குது, கண்ணூறு, பால்மா மாத்தினது
என்று முடுக்குக்கு முடுக்கு காரணம் வேறு.
படத்தில் பார்த்தால் அது ஒரு சில்லு.
ஆரக்கால் உண்டு, அச்சு இல்லை.
உள்ளே பதினொரு துண்டு நூல்.
அவ்வளவுதான் அதன் சொத்து.
அதை வைத்துக்கொண்டுதான்
கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை
கொடிகளில் துணி காயவிடாமல் அடிக்கிறது.

ஊதா விளக்கைப் போடுகிறேன்.
கோடு எழுநூற்று நாற்பத்தொன்பதில் நின்றால் ஜி ஒன்று.
அறுநூற்றைம்பத்திரண்டில், இரண்டு.
முந்நூற்றாறில் என்றால் ஒன்பது;
முன்பெல்லாம் எப்போதாவது வருவான்,
இந்த வருஷம் தானே கதிரையை இழுத்து உட்காருகிறான்.

216: ஒன்று.
218: ஒன்பது.
219: ஒன்றும் இரண்டும். ஒரே வயிற்றில் இரண்டு குடித்தனம்.
217: இருட்டு.

இருக்கிறது என்கிறது முதற்சோதனை.
யாரென்று சொல்ல மாட்டேன் என்கிறது அடுத்தது.
மூன்று தரம் திருப்பிச் செய்தேன்.
மூன்று தரமும் ஏணி மட்டும் ஒளிர்ந்தது,
ஏறுவதற்கு ஆளில்லாமல்.

"வகைப்படுத்த இயலவில்லை என்று போடுங்க,"
என்றார் சேனாதீர சேர்.
"வேற பிரைமர் எடுக்க டொலர் இல்ல.
கப்பல் வந்தாப் பார்ப்பம்."

என் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர்
இன்றைக்கும் ஓரெழுத்துப் பிழை.
சோதனைச்சாவடிக் காலத்தில், ஆமர் வீதிச் சந்தியில்,
அந்த ஓரெழுத்துக்காக ஒரு மணித்தியாலம் நின்றவள் நான்.
யாரையும் இனங்காண்பது
எனக்கு அவ்வளவு பிடித்த வேலையில்லை.
ஆனால் இவனை விடக்கூடாது.
எங்கிருந்து வந்தாய், யாரோடு வந்தாய்,
எந்தத் தண்ணீர்க் குழாய், எந்தக் கை,
இதற்கு முன் உனக்கு வேறு பெயர் இருந்ததா,
வெயிலில் நிறுத்தியாவது கேட்க வேண்டும்
என்று நினைத்தபோது
அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று பட்டது.
விளக்கை அணைத்துவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

மாலையில் வார்டுக்கு எடுத்துப் பார்த்தேன்.
நஸ்லிமா சிஸ்டர்தான் எடுத்தார்.
"பதினொரு மாசமா? மாளிகாவத்தப் பிள்ள?
அவன் புதனே வீட்ட போயிட்டானே.
போகக்குள்ள என்ட பேனையையும்
பறிச்சிட்டுப் போயிட்டான்."

உப்பும் சீனியும் தண்ணியும்.
என்ன வகை என்று
அவை ஒரு தரமும் கேட்கவில்லை.

நான் கேட்பது அவனுக்காக அல்ல.
அடுத்த மாசியில் பிறக்கப்போகிறவளுக்கு.
அவளுக்குப் போடும் சொட்டு மருந்து
இந்த முகத்தை அறியுமா என்று.
அவளுக்கும் பெயரில்லை இன்னும்.

கரண்ட் போய், ஜெனரேட்டர் இருமி எழும்பியது.
217ஐ மறை எழுபதில் வைத்தேன்,
காத்திருக்கிறவர்களின் தட்டில்.

கொப்பித் தாளை எரிக்கும் பையில் போட வேண்டும்.
திருப்பினால், மறுபக்கத்தில்
மூத்த பிள்ளை ஒன்றின் ஏழாம் வாய்பாடு:
ஏழேழு நாற்பத்தாறு.

கையுறையோடேயே சிவப்புப் பேனை எடுத்து
நாற்பத்தொன்பது என்று திருத்தினேன்.
பிறகு பையில் போட்டேன்.