நியாயமான ஐயம்

பாஸ்போர்ட்டோடு ஒரு தாள் வந்தது.
வரிசையாகக் கட்டங்கள்,
ஒன்றில் மட்டும் டிக்.
குறித்த நாளில் ஊர் திரும்புவீர்கள் என்பதில்
நியாயமான ஐயம் இருக்கிறதாம்.

நீடாமங்கலம் கூட்டுறவுச் சங்கத்தில்
இருபத்தாறு வருஷமாகக் கல்லாவில் உட்காருகிறவள் நான்.
சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால்
இரண்டு பத்துக்குள் வந்துவிடுவேன்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

லீவு பாஸாகிவிட்டது. எட்டு நாள்.
திருச்சியில் வாங்கிய கம்பளித் தொப்பி
விலைச்சீட்டோடு பையில் கிடந்தது.
கோபன்ஹேகனிலிருந்து ஜெனோவா அனுப்பிய பட்டியல்
ஃப்ரிட்ஜ் கதவில்:
முதல் நாள், பன்னிரண்டு சீடரும்
வெள்ளைக் கல்லாய் நிற்கும் பேராலயம்.
இரண்டாம் நாள், கோபுரத்துக்கு வெளியே
சுற்றிச் சுற்றி ஏறும் கோயில்,
நானூறு படி,
அம்மா கீழேயே நிக்கட்டும், அப்பா ஏறலாம்.
மூன்றாம் நாள்,
பச்சைக் குடத்தைக் கவிழ்த்த மாதிரி ஒன்று.

சவரிமுத்து அதை உரித்தெடுத்து மடித்தார்.
"கோயில்தானே பாக்கணும்" என்றார்.

அப்படித்தான் தஞ்சாவூர் போனோம்.
சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய கோயிலில்
சாகக் கிடக்கும் பாதிரியார் கையை
ராஜா பிடித்துக்கொண்டிருக்கிறார், பளிங்கில்.
யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்று
இவர் ரொம்ப நேரம் பார்த்தார்.
எனக்குக் கண்ணெல்லாம் மேலே,
மின்விசிறிக் கம்பியில் குருவி செருகிய வைக்கோலில்.

மறுநாள் தரங்கம்பாடி.
மயிலாடுதுறையில் மாறி, செம்பனார்கோயில், ஆக்கூர்,
இரண்டு பக்கமும் சம்பா தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது.
"கோட்டையா, பீச்சா?" என்றார் கண்டக்டர்.
"சர்ச்."
"எந்த சர்ச்? அங்க தடுக்கி விழுந்தா சர்ச்."

ஒரு முகப்பில் கிரீடம்.
மகள் அனுப்பிய படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அதே கிரீடம்.
அங்கே அதன்மேல் பனி,
இங்கே காக்கை எச்சம்.

கோயில்குட்டியார் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தார்.
"ஞாயித்துக்கிழமைதான் ஆராதனை."
"சும்மா பாக்க வந்தோம்."
"ஆர்.சி.யா?"
"ஆமாங்க."
"பரவாயில்ல, பாருங்க."

பக்கத்தில் கல்லறைகள்.
எழுத்து புரியவில்லை, எண் புரிந்தது.
கல்லாக்காரிக்கு எண் போதும்.
கழித்துப் பார்த்தேன்: முப்பத்தொன்று. இருபத்திரண்டு.
ஒரு சின்னக் கல்லில்
பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே வருஷம்.
ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

இறங்கும்போது இவர்களிடம் யாராவது
ஆறு மாதத்து வங்கிக் கணக்கு கேட்டார்களா?
நிலப் பத்திரம், சம்பளச் சீட்டு,
பல் தெரியாத போட்டோ?
கோபமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.
சின்னக் கல்லின் மேல் எறும்பு வரிசை
குறுக்கே போனது.
கோபத்தை எங்கே விட்டேனோ,
கணக்கு நேராகவில்லை.

கடல் பக்கம் வந்தால் மார்கழிக் காற்று காதைக் குடைந்தது.
விலைச்சீட்டைப் பல்லால் கடித்தெறிந்து
தொப்பியை மாட்டிக்கொண்டேன்.
வலை காயப்போட்ட பையன் சிரித்தான்:
"என்ன ஆன்ட்டி, ஊட்டியா?"

ஜெனோவா கூப்பிட்டாள்.
இங்கே மணி இரண்டரை, அவளுக்கு இன்னும் பத்துதான்.
அந்த நானூறு படிக் கோயிலின் அடியில் நிற்கிறாளாம்.
குளிருக்காகப் படியை மூடிவிட்டார்களாம்.
"நீங்க வந்திருந்தாலும் ஏறியிருக்க முடியாதுப்பா."
பொய்யாக இருக்கலாம்.
அவள் அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது.

"நீ எப்பம்மா வர்றே?" என்றார்.

அவள் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தாள்.
சிக்னல் போய்விட்டது போல முகம் அசையாமல் நின்றது.
சிக்னல் போகவில்லை,
பின்னால் ஒரு சைக்கிள் கடந்தது.
"பாக்கலாம்ப்பா" என்றாள்.

ஐந்தேகால் பஸ்ஸுக்கு
ஐந்து மணிக்கே போய் நின்றோம்.
நாளைக்கு நாகப்பட்டினம் என்று
இவர் சொல்லிக்கொண்டே வந்தார்.
பஸ்ஸுக்குள் புழுக்கம்.
நான் தொப்பியைக் கழற்றவில்லை.