மூன்றாவது தவணை

ப்ளோவ்திவில் எங்கள் மேட்டுத் தெரு
மழை பெய்தால் கருங்கல் எல்லாம் வழுக்கும்.
குடியிருப்பவர்கள் ஓரமாக நடப்போம்.
வங்கி ஆள் நடுவில் நடந்து வந்தார்.

வாஷிங் மெஷினுக்கு வாங்கிய கடன்,
மூன்று தவணை பாக்கி.
வீட்டில் ஆளில்லாததுபோல்
திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்றேன்.
அப்போதுதான் அந்தச் சத்தம்.
கோப்பு ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம்.

கதவைத் திறந்துவிட்டேன். வேறென்ன செய்ய.

உள்ளங்கைத் தோல் உரிந்து
மணலும் கல்பொடியும் அப்பிக் கிடந்தன.
பொட்டுப் பொட்டாக இரத்தம்,
பெருகவும் இல்லை, நிற்கவும் இல்லை.
"ரக்கியா இருந்தால் ஊற்றுங்கள்" என்றார் பல்லைக் கடித்தபடி.
ரக்கியா தொண்டைக்கு. புண்ணுக்குத் தண்ணீர்.

முதலில் என் கையைக் கழுவினேன்,
சோப்பு போட்டு, நகக்கண் வரைக்கும்.
பிறகு குழாயடியில்
கடன் பட்ட கையில் காயம் பட்ட கை.
ஐந்து நிமிடம், கடிகாரம் பார்த்து.
தண்ணீர்க் கட்டணமும் பாக்கி, அதைச் சொல்லவில்லை.

ஒரு கல் மட்டும் வரமாட்டேன் என்றது.
புருவம் திருத்தும் இடுக்கியைக் கொதிக்கவைத்தேன்.
அது ஆறும்வரை பேசித்தானே ஆக வேண்டும்.
பெயர் கலோயான். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் நாள்.
அதற்கு முன் ரொட்டிக்கடை, அது மூடிவிட்டது.
நான்தான் முதல் வீடாம்.

கல்லை எடுத்ததும் அவர் உதறினார்.
ஊதிவிட என் வாய் தானாகக் குவிந்தது.
ஊதக் கூடாது, வாயெல்லாம் கிருமி.
மூச்சை விழுங்கினேன்,
திரைக்குப் பின்னால் விழுங்கிய அதே மூச்சு.

வாஸலின் மெல்லிசாக. மேலே சுத்தமான துணி.
"டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது?"
"பள்ளிக்கூடத்தில்."
"அப்போ இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.
கட்டை நாளைக்கு மாற்றணும், நனைந்தால் உடனே.
சிவப்பு பரவினாலோ, சூடேறினாலோ, சீழ் கண்டாலோ
தள்ளிப்போடாதீர்கள்."

தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொன்னது
இருவருக்குமே கேட்டது.

எழுதிக்கொள்ள வேறு காகிதம் இல்லை.
நோட்டீஸைத் திருப்பி, இடது கையால்,
கோழி கிளறியதுபோல் எழுதினார்.
முன்பக்கம் எனக்கு எச்சரிக்கை,
பின்பக்கம் அவருக்கு.
அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
போய்விட்டார்.

பத்து நாள் கழித்து வந்தார்.
ஓரமாக நடந்து.
காகிதம் நீட்டுமுன் கையை நீட்டினார்,
இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல்.
"பொருக்கைப் பிய்க்கவே இல்லை" என்றார்.

பிறகு
காகிதத்தையும் நீட்டினார்.