முறைப் புடவை

ஒரு பித்தளை ஜிப்புக்காக
திருவாரூர் பேருந்து நிலையத்துப் பின்சந்தில்
பாத்திரக்காரரோடு நாற்பது நிமிடம்
நின்று பேசுகிறவர்கள் நாங்கள்.
ஊரே பழந்துணியைப் போட்டுத்
தூக்குவாளி வாங்கும் அவரிடம்.
நாங்கள் தூக்குவாளியைக் கொடுத்துப்
பழந்துணி வாங்குவோம்.
"தலைகீழாப் பொறந்த புள்ளைங்க" என்பார்
வாளியைத் தட்டிப் பார்த்தபடி.

மன்னார்குடியில் நகலகத்துக்கு மேல்மாடி,
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு.
செங்கமலம் பஃப் கை ரவிக்கையில் வருவாள்,
தோளுக்கொரு பலூன் கட்டியதுபோல.
நாகப்பட்டினத்து பெலிக்ஸின் யானைக்கால் பேண்ட்
படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டே ஏறும்.
கூத்தாநல்லூர் ஹபீபுன்னிசா எடுத்து வருவதெல்லாம்
கப்பலேறி வந்தவை,
பினாங்குக் கடைச்சீட்டு
இன்னும் குத்தியபடி இருக்கும்.
நான் இடும்பாவனம். கடைமடை.
பேருந்தும் எனக்குக் கடைசியில்தான் வரும்.

ஒரு இஞ்சுக்கு மேல் பிரிக்கக் கூடாது,
இருந்தது யாரென்று கேட்கக் கூடாது,
பைக்குள் கிடைப்பது பொதுச்சொத்து.
ஒரு சஃபாரி சட்டைப் பையில்
சொறிக்கு எழுதிய மருந்துச்சீட்டு இருந்தது.
பெலிக்ஸ் அதை இரண்டு மாதம்
குச்சியால்தான் தொட்டான்.

மே மாதத்தில் மின்சாரம் போனால்
டெரிலின் வேர்வையைக் குடிக்காது,
நமக்கே திருப்பிக் கொடுக்கும்.
அப்படியே இறங்கி அரித்திராநதிக் கரைக்கு
நால்வரும் பன்னீர் சோடா குடிக்கப் போவோம்.
சைக்கிளை நிறுத்திப் பையன்கள் கேட்பார்கள்:
"எந்தப் படம்க்கா?"
"இன்னும் பேர் வைக்கலடா" என்பாள் செங்கமலம்,
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல்.

அப்புறம்தான் வந்தது அந்த நைலெக்ஸ்.
கிளிப்பச்சை இல்லை, பாசிப்பச்சையும் இல்லை,
நாற்றங்காலின் பதினைந்தாம் நாள் பச்சை.
அதில் பழைய ஒரு ரூபாய் அளவுக்கு
வெள்ளை வட்டங்கள்.
மூன்று பேரும் ஒரே நேரத்தில் பிடித்தோம்.
சீட்டுப் போட்டோம்.
செங்கமலத்துக்கு விழுந்தது.
கை தட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.

மூன்று வாரம் போனை எடுக்கவில்லை.
உரக்கிடங்கில் இருப்பு எடுக்கிறோம் என்று
செய்தி அனுப்பினேன்.
யூரியா மூட்டை எண்ண எத்தனை நாள் ஆகும்,
அவளுக்குத் தெரியாதா?

ஒரு புதன்கிழமை
எடைமேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்,
கையில் மஞ்சள் பை.
"தண்ணிக்கே முறை வெச்சு விடறாங்க,
பொடவைக்கு வெக்கக் கூடாதா?
ஆறு நாள் எனக்கு, ஆறு நாள் ஹபீபாவுக்கு,
ஆறு நாள் உனக்கு."
"கடைமடைக்குக் கடைசியாத்தானே வரும்."
"இந்தத் தடவ தலைமடையே நீதான்டி" என்று
பையை எடைமேடையில் வைத்தாள்.
முள் அசையவே இல்லை.
அவ்வளவு லேசான ஒன்றுக்கா
அத்தனை நாள் பேசாமல் இருந்தேன்?

"எனக்கு முறை கிடையாதா?" என்றான் பெலிக்ஸ்.
அடுத்த ஞாயிறு ஆறு முழத்தையும் தாண்டித்
தலைப்பாகை சுற்றிக்கொண்டு படம் எடுத்தான்.
கழுத்து இரண்டு நாள் வலித்ததாம்.

இப்போது இரண்டாம் சுற்று.
நேற்று மாலை ஐந்தே முக்கால் வண்டியில்
மஞ்சள் பையை நீட்டினார் நடத்துநர்:
"கூத்தாநல்லூர்ல குடுத்தாங்க.
ஒங்க தண்ணி வந்துடுச்சும்மா."
அவருக்கு யார் சொன்னது?

பிரித்தேன். ஹபீபாவின் ஜவ்வாது.
கரையோரம் என் கறுப்பு நூல் தையல்,
செங்கமலத்தின் பச்சை நூல்.
கொசுவத்தில் புதிதாய் ஒரு கிழிசல்,
அதை மூடப் பார்க்கும் ஒரு ஊக்கு,
ஊக்கில் குத்திய துண்டுச்சீட்டு:
"ஆட்டோ கதவு. திட்டாதே."

நாளைக்கு இதைக் கட்டிக்கொண்டுதான்
பொட்டாஷ் நிறுக்கப் போகிறேன்.
ஆறு நாள்.
கிழிசலுக்கு வெள்ளை நூல் போதும்.