கண்ணாடியை ஏற்றிவிடு

எழுபத்தெட்டாம் வருடத்து லேண்ட் க்ரூஸருக்கு
ஏசி போடுகிறவன்
ஒட்டகத்துக்குக் குடை வாங்குகிறவன் என்றாள்
போர்ட் ஹெட்லண்டில் காயலான் கடை வைத்திருக்கும் வெரா.
சொல்லிவிட்டு, நசுங்கிய கொரோலா ஒன்றிலிருந்து
கம்ப்ரஸரைக் கழற்றி வைத்து
எண்பது டாலர் என்றாள்.

மார்பிள் பாரில் நவம்பர்.
கதவுப் பிடியைத் துணி சுற்றித்தான் தொடவேண்டும்.
ஸ்டியரிங் மேல் போட்ட ஈரத் துண்டை மறந்துபோனால்
திரும்பி வரும்போது அப்பளம்.
இரண்டு கோடையாக ரேலீன் இதில் ஏறவில்லை.
சண்டை ஒன்றும் இல்லை.
"உன் அடுப்பில் நீயே போ" என்றாள் ஒருநாள்,
கிளிப்பைப் பல்லில் கடித்தபடி முடியை அள்ளிக்கொண்டே.
அவ்வளவுதான்.

ஆக, ஒன்பது சனிக்கிழமைகள்.
ப்ராக்கெட் அரை விரல் தள்ளி நின்றது.
பெல்ட் அலறியது.
வெட்டினேன், பற்றவைத்தேன், மறுபடி வெட்டினேன்.
ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்ஸரை நிறுத்தினேன்:
வேர்த்து நிற்கிறவன் முகத்துக்கு நேரே
இன்னொருவன் வந்து பெருமூச்சு விடுகிற மாதிரி.
டேஷ்போர்டுக்குக் கீழே,
அவள் முழங்கால் வரும் இடத்தில்,
குளிர் ஊதும் கறுப்புப் பெட்டி.
அந்த முழங்கால் எவ்வளவு உயரம்
என்று எனக்கு நினைவில்லை.
அளவுநாடாவும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்று
நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறவளைக்
கண்ணால் அளந்துகொண்டு திரும்பினேன்.

குழாய்களில் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சியெடுத்துவிட்டு
முக்கால் மணி நேரம் மீட்டரையே பார்த்திருந்தேன்.
முள் அசையவில்லை.
எதுவும் உள்ளே வரவில்லை, எதுவும் வெளியே போகவில்லை.
நன்றாக அடைத்திருக்கிறேன் என்று
சந்தோஷப்பட்டேன்.

ஞாயிறு. ஏறினாள்.
கதவை மூன்று முறை அறையவேண்டும் என்பதை
மறந்திருக்கவில்லை.
முதலில் சூடாக ஊதியது, பிறகு தூசி,
பிறகு கொரோலாவின் காலத்தில் செத்த
வெட்டுக்கிளியின் ஒற்றைக் கால்,
பிறகு குளிர்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
"கண்ணாடியை ஏற்றிவிடு" என்றேன்.
பதினெட்டு வருடத்தில் இந்த வண்டிக்குள்
நான் சொல்லியிராத வாக்கியம்.

கண்ணாடி ஏறியதும் இரைச்சல் நின்றது.
பேசாமல் போன தூரங்களுக்கெல்லாம்
காற்றின் மேல்தான் பழி போட்டிருந்தோம்.
இப்போது கியர் முனகுவது கேட்டது.
அவள் மோதிரத்தைச் சுழற்றுவது கேட்டது.

"ஆல்பனிக்கு மாற்றல் கேட்டிருந்தேன்" என்றாள்.
"கிடைத்துவிட்டது."

"என்ன?" என்றேன்.
பழைய வண்டியின் பழக்கம்.
முதல் தடவையே கேட்டிருந்தது.
அது அவளுக்கும் தெரியும்,
திருப்பிச் சொல்லவில்லை.

ஆல்பனி. தென்கடல், மழை, கம்பளிச் சட்டை.
அங்கே எவனும்
ஒன்பது சனிக்கிழமை செலவழிக்கத் தேவையில்லை.

மேட்டில் ஏறும்போது வெப்ப முள் சிவப்பைத் தொட்டது.
எஞ்சினா நாங்களா,
ஒருவரைத்தான் குளிர்விக்க முடியும்.
சுவிட்சை அணைத்தேன்.
நான் சொல்லாமலே கண்ணாடியை இறக்கினாள்.
வெயில் உள்ளே வந்து நடுவில் உட்கார்ந்தது,
வீட்டு ஆள் மாதிரி.

உச்சியில் நிறுத்தினோம்.
வண்டிக்கு அடியில், சிவப்பு மண்ணில்,
சொட்டு. சொட்டு.
"ரேடியேட்டரா?" என்று குனிந்தாள்.
இல்லை, உள்ளே இருந்த ஈரம், காற்றிலிருந்து பிழிந்தது,
நம் மூச்சும் கொஞ்சம் இருக்கும் என்றேன்.
எங்கிருந்து பார்த்தனவோ
பவள அலகுச் சிட்டுகள் நாலு, இல்லை ஐந்து,
முன்சக்கரத்து நிழலில் இறங்கிக் குடித்தன.

வேர்த்துக்கொண்டு நின்றோம், அசையாமல்.
"இன்னும் கொஞ்ச நேரம் போடேன்" என்றாள் கிசுகிசுப்பாக,
"அதுகளுக்கு."

எஞ்சின் ஆறட்டும் என்றேன்.
அவள் டயரில் சாய்ந்துகொள்ளப் போனவள்
சிட்டுகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.