இருபதின் மடங்கு

கொட்டாம்பட்டி தாண்டி நாலுவழிச்சாலையை ஒட்டி
அறுபது டன் எடைமேடை.
கம்பிச் சன்னலுக்குப் பின்னால் நான்.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
சிவப்பு எண்களை வாசித்து
ரசீது கிழிப்பது வேலை.

மேடையில் அழகுமலையின் பன்னிரண்டு சக்கர லாரி,
முதுகில் ஒரே கல்.
இன்ஜினை அணைத்த பிறகும்
எண்கள் கொஞ்சநேரம் தத்தளித்தன.
பிறகு நின்றன: முப்பத்தாறாயிரம், வண்டியோடு.

"கொஞ்சம் பாத்துப் போடுங்கக்கா."
எல்லாரும் கேட்பதுதான்,
எடை என் கைப்பைக்குள் இருப்பதுபோல.

புளியமரத்துக்கு மேல் அப்போதுதான் ஏறியிருந்த
தேய்பிறையைக் காட்டினேன்.
"அங்க கொண்டுபோய் நிறுத்துங்கண்ணே,
ஆறாயிரம்னு போட்டுத் தாரேன்.
பொய்யில்லாம, முத்திரையோட."

அவர் சிரிக்கவில்லை. மனசுக்குள் கணக்கு ஓடுகிறது.
"ஓவர்லோடு கேசே வராதே?"

"வராது. ஆனா பிரேக் அடிச்சா
இதே கல்லுதான் கேபினுக்குள்ள வரும்.
எடைதான் ஆறுல ஒண்ணு,
கல்லு முழுசா அதே கல்லு.
டயரோட பிடியும் ஆறுல ஒண்ணு,
அத மறந்துறாதீங்க."

கிளீனர் பையன் எட்டிப் பார்த்தான்.
"குருவுல நிறுத்துனா?"
அவன் ராசிக்கு இப்போது குரு எட்டில் இருக்கிறதாம்.

"தொண்ணூறு டன் காட்டும், நின்னா.
நிக்கிறதுக்கு அங்க தரை கிடையாது தம்பி.
மேகத்துக்குக் கீழ மேகம்,
போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

நூறு ரூபாயை வைத்துவிட்டு
வானத்தைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்கே உறைத்தது.
நான் கல்லை நிறுப்பதில்லை.
விழப் பார்க்கிறது கல்,
விடமாட்டேன் என்கிறது தரை.
அந்த மறுப்பை
இத்தனை கிலோ என்று அச்சடித்துத் தருகிறேன்.

மறுக்க ஆளில்லாவிட்டால்
எண்ணும் இல்லை.
மேலூர் மேம்பாலத்தில் வேகமாய் ஏறி இறங்கும்போது
அடிவயிறு ஒரு நொடி காணாமல் போகுமே,
அந்த ஒரு நொடிக்குள்
மாதக்கணக்கில் குடியிருக்கிறார்கள்
விண்வெளி நிலையத்தில்.
தூரமெல்லாம் ஒன்றுமில்லை, நானூறு கிலோமீட்டர்,
இங்கிருந்து லாரி சென்னை போகும் தூரத்தைவிடக் குறைவு.
பூமியின் இழுப்பு அங்கேயும்
பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது.
இருந்தும் மிதக்கிறார்கள்,
அவர்களோடு சேர்ந்து தரையும் விழுந்துகொண்டிருப்பதால்.
விழுகிற வேகத்தில் பக்கவாட்டிலும் ஓடுவதால்
பூமி ஒவ்வொரு முறையும்
வளைந்து நழுவிவிடுகிறது.

மூன்று மணிக்கு வண்டி வரத்து நின்றது.
சன்னல் விளக்கை மட்டும் விட்டுவிட்டு
இறங்கிப்போய் மேடை நடுவில் நின்றேன்.
இரும்புத் தகட்டில் பகல் வெயிலின் சூடு இன்னும் மிச்சம்.
திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்குள்
சிவப்பாய் நாற்பது.

நான் நாற்பத்தேழு.
பழைய எந்திரம், இருபது இருபதாகத்தான் எண்ணும்.
அதற்கு என்னில் ஏழு கிலோ கிடையாது.
பூமிக்கு அந்தச் சலுகையெல்லாம் தெரியாது.
செருப்பில் ஒட்டிய கல்தூள்,
கொண்டை ஊசி,
மதியம் அம்மாவோடு சண்டைபோட்டுப்
பாதியில் எழுந்த சோறு,
ஒன்றுவிடாமல் இழுக்கிறது.

நானும் விடுவதில்லை.
அது என்னை இழுக்கிற அதே அளவு
நான் அதை இழுக்கிறேன்,
மலை, கண்மாய், குவாரி, கோர்ட்டு எல்லாம் சேர்த்து.
அது அசைவது
எந்த எந்திரத்திலும் விழாது.
அசைகிறது என்பது மட்டும் உண்மை.

ஹாரன்.
தேனிப்பக்க வாழைத்தார் வண்டி, கண் கூச விளக்கு.
இறங்குகிறேன். மேடையில் பூஜ்யம்.
மேடை என்னைத் தரையிடம் கொடுக்கிறது,
தரை படியிடம்,
படி நாற்காலியிடம்.
ரசீதுத்தாள் தீர்ந்திருக்கிறது.
புதுச் சுருளை எடுக்கக் கைநீட்டுகிறேன்,
கை நழுவி
அது போய்ச்சேர வேண்டிய பக்கமே போகிறது.