கெலவரப்பள்ளியில் வத்தம்

சி ஷிஃப்ட் முடிந்து
கேட்டில் கட்டைவிரல் வைத்தேன்.
இயந்திரம் என்னை ஏற்கவில்லை.
விறைத்த விரலில் ரேகை இல்லையாம்.
ஊதி, பேண்டில் தேய்த்து,
மூன்றாம் தரம் வைத்ததும்
நன்றி என்றது.

திம்மராஜின் வண்டியில் பின்சீட்டு.
குரங்குக் குல்லாவுக்குள் இரண்டு கண்ணாக
அணைக்கரை வந்து சேர்ந்தேன்.
ஓசூரின் மார்கழிக்கு அக்கரை கிடையாது.
பாதித் தூரம் தண்ணீர்,
அப்புறம் வெறும் வெள்ளை.

தூண்டிலுக்கு அவன் எடுத்து வந்தது
நேற்று ராத்திரிக் களி.
கிள்ளி, உருட்டி,
முள் தெரியாமல் மூடுகிறான்,
மகளுக்கு ஊட்டுகிற அதே அளவில்.

நான் மரக்காணம் பக்கம்.
எங்கள் உப்பங்கழியில்
உயிர் இறாலின் வாலில் முள் ஏற்றுவோம்.
வாடை அடிக்கிற நாளில் கொடுவா
ஓடை வாயில் ஒண்டிக் கிடக்கும்.
ஏத்தத்தில் போட்டால் நண்டு தின்னும்,
வத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும்.
எப்போது வத்தம் என்று
கடிகாரம் பார்த்ததில்லை.
சேற்றில் நின்றால் கணுக்கால் சொல்லும்.

இங்கே வந்து பதினோரு மாதம்.
முதல் நாள் இந்தத் தண்ணீரை
ஒரு விரலால் தொட்டு நாக்குக்குக் கொண்டு போனேன்.
திம்மராஜ் கையைத் தட்டிவிட்டான்.
"ஏய், பெங்களூர் குளிச்ச தண்ணிப்பா!"
கரையெல்லாம் நுரை ஒதுங்கியிருந்தது,
அலையே இல்லாமல்.

இன்றைக்கு ஒரு மணி நேரமாக
மிதவை ஆணி அடித்தாற்போல நிற்கிறது.
பழைய ஹவாய் செருப்பில் வெட்டியது, நீலம்.
குளிருக்கு மீன் வாய் திறக்காது என்கிறான்.
ஜிலேபியெல்லாம் அடியில் படுத்திருக்குமாம்,
மெடிக்கல் லீவு போட்ட மாதிரி.

அவன் பேச்சு தெலுங்கில் கிளம்பி
தமிழில் தரை தட்டும்.
என் பேச்சில் அவனுக்குப் பிடிபடாத சொல் ஒன்றுதான்.
"வத்தம்னா?"
கடல் தன் தண்ணியைத் திருப்பிக் கேக்கும்.
கழி குடுத்துடும்.
"மறுபடி தருமா?"
தரும். தினம் ரெண்டு தரம்.
"வட்டி?"
இல்லை என்றேன்.
வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.
இன்னும் பதினேழு தவணை.

ஏழே முக்காலுக்குச் சங்கு ஊதியது.
கம்பெனிச் சங்கென்று
இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம்.
அசடு வழிய உட்கார்ந்தோம்.
மதகு திறக்கிறார்கள்.

முதலில் நுரைதான் கிளம்பியது,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்.
பிறகு கல்லில் ஒரு விரற்கடை ஈரக்கோடு.
சேறு வாய் திறந்து
பொட் பொட்டென்று மூச்சு விட்டது.
ஷூவுக்குள்,
இரண்டு சாக்ஸுக்குள்,
கணுக்கால் விழித்துக்கொண்டது.

ஆழத்திலிருந்து தூண்டிலைச் சுருட்டினேன்.
கரைப் பள்ளம் ஒன்று
ஓடைபோல வடிந்து இறங்குகிற இடத்தில் போட்டேன்.
"அங்க முழங்கால் தண்ணிகூட இல்ல. மெண்டலா நீ?"

மிதவை முங்கவில்லை.
படுத்தது.
கழியில் மிதவை படுத்தால்
கீழே ஒன்று ஈயத்தோடு தூக்கிக்கொண்டு மேலே வருகிறது.
இங்கே படுத்தால் என்னவோ.
சுண்டினேன்.

கனம்.
இந்தக் காலையில் முதல் தடவையாக
எனக்குப் பத்து விரல் இருந்தது.
கெளுத்தி, முழங்கை நீளம்.
மீசை ஆட, புர்ரென்று அதட்டிக்கொண்டு வந்தது.
அதன் வயிறு
என் உள்ளங்கையைவிடச் சூடு.

முள்ளைக் கழற்றும்போது
அதன் முள் கட்டைவிரலில் ஏறியது.
அங்கேயும் இதே வலிதான், இதே இடம்தான்.
விரலை வாயில் வைத்தேன்.
இந்த முறை திம்மராஜ் தட்டிவிடவில்லை.
உப்பு.

அவன் தன் தூண்டிலை எடுத்து வந்து
என் மிதவைக்கு ஒரு சாண் தள்ளிப் போட்டான்.
களி உருண்டை இப்போது பெரிதாக இருந்தது.
"இந்த வத்தம் எத்தனை மணி வரைக்கும்?"

அணை ஆபீஸில் கேள் என்றேன்.
நாளைக்கு எந்த விரலை வைப்பது என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.