மீடியம்

நாற்பதாயிரம் சதுர அடி கன்றுத்தோலுக்குக்
கையெழுத்துப் போட்டு முடித்த அல்வாரோ
சட்டைப்பையிலிருந்து
இரண்டு சுருட்டு எடுத்து நீட்டினான்.
"மீடியம்" என்றான்,
நல்ல சேதி சொல்பவன் முகத்தோடு.

எனக்கு அந்தச் சொல் ஆகாது.
இருபத்தோரு வருஷமாக
ராணிப்பேட்டை ஷெட்டில்
வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்
தோலைப் புரட்டிப் புரட்டி
நான் சொல்லித் தேய்த்த சொல் அது.
உண்ணி கடித்த புள்ளி,
வேலிமுள் இழுத்த கோடு,
கழுத்தோரம் சுருக்கம்.
ஏ இல்லை, தள்ளுபடியும் இல்லை,
மீடியம்.
என் பத்தாம் வகுப்பு மார்க்கும்
பெண் பார்க்கப் போன வீட்டில்
என் உயரத்தைப் பற்றி யாரோ முணுமுணுத்ததும்
அதுவேதான்.

கத்திரி வெயில்.
காட்பாடியில் சுருட்டு ஒரே ராத்திரியில் சருகாகும்.
டிபன் பாக்ஸில் ஈரப் பஞ்சு வைத்து
கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தேன்.
காலையும் மாலையும் திறந்து முகர்ந்தேன்.
வசந்தமலர் மூன்று நாள் பொறுத்தாள்.
நாலாம் நாள்,
"ஒரு தொட்டில் கட்டிடுங்களேன்" என்றாள்.

ஞாயிறு இரவு, மொட்டைமாடி.
தளத்தின் சூடு இன்னும் இறங்கவில்லை.
பற்றவைக்கும் முன்
விரல் தானாகத் தடவியது, தொழில் புத்தி.
மேலிலையில் நரம்பு மெல்லிசு.
எண்ணெய்ப் பசை அளவோடு.
ஒட்டிய இடம் தேடித்தான் தெரிந்தது.
என் மேஜைக்கு வந்திருந்தால்
யோசிக்காமல் ஏ போட்டிருப்பேன்.

தோல் சீவும் கத்தியால் நுனி அறுத்தேன்.
தீக்குச்சி மூன்று செலவு.

முதல் இழுப்பில் ஒன்றுமே இல்லை.
இரண்டாவதில் வறுத்த வேர்க்கடலையின் தொலி.
ஜோலார்பேட்டை பாசஞ்சர் கடந்தபோது
தணலில் வாட்டிய முள்ளுக்கத்திரி,
கருகல் அல்ல,
கருகலுக்கு ஒரு நொடி முந்தின வாசம்.
அப்புறம் மிளகு;
தொண்டையில் அல்ல,
மூக்கின் பின்கட்டில்.
வாயோடு நிறுத்தி வெளியே விட்டேன்.
நெஞ்சைப் பிடிக்கவில்லை.
என்னிடம் அது
கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை.

சிக்னலுக்கு நின்ற கூட்ஸ் வண்டி நகர்ந்தது.
ஐம்பத்தெட்டுப் பெட்டி எண்ணினேன்.
சாம்பல் இரண்டு விரற்கடை நீண்டும்
விழாமல் கூடவே எண்ணியது.

துணி எடுக்க வந்தவள்
காற்றை ஒருமுறை முகர்ந்து
"புதுச் செருப்புக் கடை" என்றாள்.
போகவில்லை. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றாள்,
தோளில் என் ஈரம் காயாத லுங்கி.

மற்றது டிரம் செக்‌ஷன் முனவ்வர் பாய்க்கு.
நாற்பது வருஷ பீடி வாய்.
திங்கள் ஷிப்ட் முடிந்து
கழிவுநீர்த் தொட்டிக்குப் பின்னால்
பீடியை இழுக்கிற இழுப்பாக இழுத்து
இருமித் தீர்த்து,
"உப்பு போடாத பிரியாணி" என்றார்.
பாதிக்கு வந்தபோது பேச்சு நின்றது.
இருபது நிமிஷம் பாய் பேசாமல் இருந்து
நான் பார்த்ததில்லை.

மக்ரிபுக்கு எழுந்தவர்
மிச்சத்தைக் கல்மேல் வைத்து
"அணைச்சிடாதே" என்றார்.
நான் தொடவில்லை.
திரும்பி வந்து குனிந்து பார்த்தார்.
"விட்டா தானா அணையுது.
இதுவும் நம்ம பீடிக்குச் சொந்தந்தான்."

செவ்வாய்க்கிழமை.
பதினோராவது தோல்.
இடுப்போரம் ஆறின காயம் ஒன்று,
மற்றபடி
மணி சீராக, கைக்கு இதமாக,
முரடும் இல்லை, தொளதொளப்பும் இல்லை.
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
"மீடியம்."

குறிப்பேட்டுப் பையன் நிமிர்ந்தான்.
"என்ன சார், ஏ மாதிரி சொல்றீங்க?"

அடுத்ததைப் புரட்டினேன்.
அது தள்ளுபடி.